நாற்றாக்கி நட வேண்டிய செல்கள்: அப்பாவின் பார்க்கின்சனுக்காகக் கேட்டவருக்கு

கேள்வி இது: "சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது, ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன். மடோபார் மாத்திரை முன்பு நாலு மணி நேரம் தாங்கும். இப்போது இரண்டரை மணி நேரத்திலேயே கை நடுங்க ஆரம்பித்து, கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. வெளிநாட்டில் ஓரிடத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் புது நரம்பு வளரும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். நாற்பதாயிரம் வெள்ளி கேட்கிறார்கள். ஸ்டெம் செல் உண்மையிலேயே நரம்பாக மாறுமா? அப்பாவை அழைத்துப் போகலாமா?"

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறும் திறனுள்ள செல்லை, நரம்பணுவாக மாற்ற முடியும். பார்க்கின்சனில் எந்த வகை நரம்பணு அழிகிறதோ அதே வகையாகவே மாற்ற முடியும். அதை நோயாளிகளின் மூளைக்குள் வைத்தும் பார்த்துவிட்டார்கள். ஆனால் உங்களிடம் விலை சொல்லியிருக்கும் ஊசி அந்தச் சிகிச்சை இல்லை. தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

ஒன்நார்த் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் ஸ்டெம் செல் வளர்த்தவள் நான். என் அம்மாவுக்கும் பார்க்கின்சன் இருந்தது. நான் மருத்துவர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் அப்பாவின் நரம்பியல் மருத்துவர் சொல்ல வேண்டியவை. செல்லைப் பற்றி மட்டும் நான் தைரியமாகப் பேசலாம்.

நோயிலிருந்து தொடங்குகிறேன். நடுமூளையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு வளைந்த பட்டை தெரியும். பாடம் செய்து வைத்த ஒரு மூளைத் துண்டை முதல்முறை பார்த்தபோது, குழந்தைக்கு மை தீட்டிய புருவம்தான் என் நினைவுக்கு வந்தது. பக்கத்திலேயே பார்க்கின்சன் வந்து இறந்த ஒருவருடைய துண்டு இருந்தது. அதில் அந்தப் புருவம் அழித்துவிட்டதுபோல் வெளிறிக் கிடந்தது. அந்தக் கறுப்பு நியூரோமெலனின் என்ற நிறமி. உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் அது சேரும். அந்த அணுக்கள் போனால் நிறமும் போய்விடுகிறது. கை நடுக்கமோ நடை தளர்வோ வெளியே தெரியும் நேரத்தில் ஏறக்குறைய பாதி அணுக்கள் ஏற்கெனவே போயிருக்கும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதியது 1817இல். டோபமைன் குறைவுதான் காரணம் என்று புரிந்து, லெவோடோபாவை அதிக அளவில் கொடுத்தால் படுத்திருந்தவர் எழுந்து நடக்கிறார் என்று கண்டது 1960களில். நடுவில் 150 வருடம் ஓடிப்போனது. உங்கள் அப்பா சாப்பிடும் மடோபாரிலும் இருப்பது அதே லெவோடோபாதான். மூளைக்குள் போனதும் அது டோபமைனாக மாறும். ஆனால் அந்த டோபமைனைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டிய அளவு விடுவதற்கு மிச்சமுள்ள நரம்பணுக்கள் வேண்டும். ஆரம்ப வருடங்களில் அவை ஓரளவு இருப்பதால் ஒரு மாத்திரை நாலைந்து மணி நேரம் ஓடும். வருடம் போகப்போக அந்தச் சேமிப்புத் தொட்டி சின்னதாகிக்கொண்டே வருகிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் மட்டும்தான் வீட்டில் தண்ணீர் என்ற நிலை. நாலு மணி நேரம் இரண்டரை ஆனதற்குக் காரணம் இதுதான். மாத்திரை கெட்டுப்போகவில்லை, அப்பாவும் எதையும் தவறாகச் செய்யவில்லை.

அப்படியென்றால் தொட்டியையே திரும்பக் கட்டினால் என்ன? செல் சிகிச்சையின் யோசனை மொத்தமும் இந்தக் கேள்விதான். இது நேற்று வந்ததும் இல்லை. 1987இல் சுவீடனின் லுண்ட் நகரில் கருவின் நடுமூளைத் திசுவை எடுத்துப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் வைக்கத் தொடங்கினார்கள். சிலருக்குப் பல வருடங்கள் நல்ல பலன். ஒருவருடைய மூளையை அறுவை நடந்து 24 வருடம் கழித்து, அவர் இறந்த பிறகு பார்த்தபோது, வைத்த செல்கள் உயிரோடு கிளை பரப்பியிருந்தன. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் 2001லும் 2003லும் வெளியான இரண்டு கண்டிப்பான சோதனைகளில் எதிர்பார்த்த முன்னேற்றம் நிரூபணமாகவில்லை. சிலருக்கு மாத்திரை சாப்பிடாத நேரத்திலும் உடம்பு தானாக நெளியும் தொல்லை வந்தது. கருத்திசு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒரு நோயாளிக்கே பல கருக்களின் திசு வேண்டும், அதில் வேண்டாத வகைச் செல்களும் கலந்து வரும். யோசனை சரி, பொருள்தான் சரியில்லை என்று பலர் முடிவுக்கு வந்தார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

சரி, நல்ல பொருள் எங்கே கிடைக்கும்? இந்த இடத்தில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு, அது அதிகம் பேருக்குத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம். இலங்கையில் பிறந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த அரிஃப் போங்சோவின் குழு, 1994இல் ஆரம்பநிலை மனிதக் கருவின் உட்பகுதிச் செல்களைப் பிரித்தெடுத்துக் காட்டியது. அவற்றைத் தொடர்ந்து பெருகும் வரிசையாக நிலைநிறுத்தியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன், 1998இல். அப்புறம் ஜப்பானின் ஷின்யா யாமனாக்கா. சாதாரணத் தோல் செல்லில் நாலு மரபணுக்களைச் செலுத்தி அதை ஸ்டெம் செல் நிலைக்கே பின்னோக்கித் திருப்பினார். 2006இல் எலி, 2007இல் மனிதன், 2012இல் நோபல் பரிசு. கரு இல்லாமலேயே ஸ்டெம் செல் கிடைக்கும் வழி திறந்தது. இப்படிச் செய்யும் செல்லுக்கு ஐபிஎஸ் செல் என்று பெயர்.

இனிமேல்தான் உங்கள் கேள்வியின் உள்ளே போகிறோம். இந்தச் செல் உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறும். அதுதான் அதன் பலம், அதன் ஆபத்தும் அதுவே. அப்படியே கொண்டுபோய் உடம்பில் போட்டால், பல்லும் முடியும் குருத்தெலும்பும் கலந்த ஒரு கட்டியாகக்கூட வளரும். எலியில் அதைச் செய்து பார்ப்பதே அந்தச் செல்லின் திறனுக்கு ஒரு பரிசோதனை. எனவே மூளைக்குள் அனுப்பும் முன்பே அது என்னவாகப் போகிறது என்பதை வெளியிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

முடிவு செய்வது எப்படி? தாயின் வயிற்றில் கரு வளரும்போது ஒவ்வொரு செல்லுக்கும் சில சமிக்ஞைகள் போகும்: நீ தோல், நீ குடல், நீ மூளை என்று. நாங்கள் கண்ணாடித் தட்டில் அதையே திரும்பச் செய்கிறோம். முதலில் இரண்டு சமிக்ஞைகளை மறித்தால் செல்கள் நரம்பு வழியில் இறங்கும். ஆனால் நரம்பு என்றால் எந்த நரம்பு? முன்மூளையா, நடுமூளையா, தண்டுவடமா? அதற்கு இரண்டு முகவரி கொடுக்க வேண்டும். மேல் கீழ் என்ற திசைக்கு ஒன்று, முன் பின் என்ற திசைக்கு இன்னொன்று. இரண்டாவதைக் கொடுக்கும் வேதிப்பொருளின் அளவுதான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. கொஞ்சம் குறைந்தால் முன்மூளைச் செல், கொஞ்சம் கூடினால் பின்மூளைச் செல். நடுமூளை என்பது அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள ஒரு குறுகிய சந்து. டோபமைன் அணுக்கள் கருவின் நரம்புக் குழாயின் அடித்தளத்திலிருந்து பிறக்கின்றன என்பதைப் பிடித்துக்கொண்டு, நியூயார்க்கில் லோரென்ஸ் ஸ்டூடரின் குழு 2011இல் இந்த வழியைத் தெளிவாக்கியது. பிறகு உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் கிட்டத்தட்ட அந்தச் சமையல் குறிப்பையே கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தன.

வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் நாற்பதாயிரம் வெள்ளிக்கு ஊசி என்பவரை எடைபோட முடியும். ஸ்டெம் செல்லுக்குத் தினமும் தீனி மாற்ற வேண்டும். செல்கள் மிதக்கும் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். மஞ்சளாக மாறிவிட்டால், செல்கள் சத்தைத் தின்று தீர்த்துவிட்டு அமிலத்தில் தவிக்கின்றன என்று அர்த்தம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை எதுவும் கிடையாது. தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோவிலுக்குப் போகும் வழியில் ஆய்வுக்கூடத்தில் இறங்கி, பட்டுச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு தீனி மாற்றியிருக்கிறேன். நுண்ணோக்கியில் முதல் நாள் பார்த்தால் ஓரம் பளபளக்கும் தட்டையான தீவுகள் மாதிரி இருக்கும். பத்து நாளில் அந்தத் தீவு கலைந்து நெருக்கமான விரிப்பாகும். ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தால் செல்லிலிருந்து நூல் நூலாகக் கிளம்பி இன்னொரு செல்லைத் தேடிப் போகும். அந்த நூல்களைப் பார்த்த முதல் நாள் நான் வீட்டுக்குப் போய் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லா நாளும் அப்படி இல்லை. ஒருமுறை ஐந்து வார வேலை முடிந்து சாயம் ஏற்றிப் பார்த்தால், ஒளிர வேண்டிய இரண்டு புரதங்களில் ஒன்று மட்டும் ஒளிர்ந்தது. செல்கள் நரம்புதான், ஆனால் முகவரி மாறிப்போன நரம்பு. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஆராய்ச்சிக்கு வளர்த்த செல்லுக்கே இந்தக் கண்டிப்பு. மனித மூளைக்குள் போக வேண்டிய செல் என்றால் ஒவ்வொரு தொகுதியிலும் மாறாமல் மிச்சமிருக்கும் ஸ்டெம் செல் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கிறதா என்றுகூடத் தேடித்தேடிப் பார்ப்பார்கள்.

இந்த வேலையை அம்மாவுக்கு விளக்க நான் பட்ட பாட்டை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயலில் வளர்ந்தவர். "நாத்தங்கால் வேலைதானே பண்றே" என்றார். அன்றிலிருந்து நான் யாருக்குச் சொன்னாலும் அப்படித்தான் சொல்கிறேன். மூளைக்குள் வைப்பது விதையையும் இல்லை, கதிர் வந்த பயிரையும் இல்லை. விதையாகப் போட்டால் என்ன முளைக்கும் என்று தெரியாது. முழுதாக வளர்ந்த நரம்பணுவோ மெல்லிய கிளைகளை விரித்து நிற்பது. பிடுங்கினால் கிளை அறுந்து செத்துவிடும். டோபமைன் அணுவாகத்தான் ஆகப்போகிறேன் என்று தீர்மானமாகிவிட்ட, ஆனால் இன்னும் கிளை விடாத இளம் செல்லை, அதாவது நாற்றைத்தான் நடுவார்கள். அது உள்ளே போய் வேர் பிடித்து, கிளை விட்டு, டோபமைன் சுரக்க மாதக்கணக்கில் ஆகும். ஒரே வாரத்தில் நடை சரியானது என்று யாராவது காணொளி காட்டினால், அது இந்தச் செல்லின் வேலையாக இருக்க முடியாது.

நடும் இடமும் முக்கியம். செல் செத்த இடம் நடுமூளை. ஆனால் டோபமைன் தேவைப்படும் இடம் அங்கிருந்து சற்றுத் தள்ளி உள்ள பியூட்டமென் என்ற பகுதி. வளர்ந்த மூளையில் அவ்வளவு தூரம் கிளை போய்ச் சேருவது கடினம் என்பதால் நேரே பியூட்டமெனில் வைக்கிறார்கள். மண்டையில் சிறு துளை போட்டு, மில்லிமீட்டர் கணக்கு பார்த்து மெல்லிய குழல் வழியே இறக்கும் அறுவை சிகிச்சை அது.

மனிதர்களில் என்ன நடந்தது? இரண்டு முக்கியமான முடிவுகள் 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் சேர்ந்து வந்தன. ஒன்று கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தக்காஹாஷியின் குழு செய்தது. முதல் அறுவை 2018இல். 50 முதல் 69 வயதுவரை ஏழு பேர். ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த நாற்றுகள், இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 50 லட்சம் முதல் 1 கோடி வரை. இரண்டு வருடம் கவனித்தார்கள். கட்டி எதுவும் வரவில்லை, பெரிய பாதிப்பும் இல்லை. பலன் அளந்த ஆறு பேரில் நாலு பேருக்கு, மாத்திரையின் வேகம் இல்லாத நேரத்திலும் அசைவு மேம்பட்டிருந்தது. டோபமைன் உருவாவதைக் காட்டும் ஸ்கேனில் பியூட்டமெனில் தெரிந்த அந்த அறிகுறி சராசரியாக 44.7 சதவீதம் கூடியிருந்தது. அந்த ஸ்கேன் முடிவுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது, ஏனென்றால் செல் உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி.

இன்னொன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேரிடம் நடந்தது. கருநிலை ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்து, உறைய வைத்து எடுத்துப் போன நாற்றுகள். ஐந்து பேருக்கு ஒவ்வொரு பக்கமும் 9 லட்சம், ஏழு பேருக்கு 27 லட்சம். ஒன்றரை வருடத்தில் அதிக அளவு பெற்றவர்களின் அசைவு மதிப்பெண் சராசரியாக 23 புள்ளி நன்மைப் பக்கம் நகர்ந்தது. சுவீடனிலும் பிரிட்டனிலும் மூன்றாவதாக ஒரு சோதனை ஓடுகிறது. அதில் முதல் நோயாளிக்கு 2023 பிப்ரவரியில் செல் வைத்தார்கள்.

இந்த எண்களைப் படித்து நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் இவற்றில் நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும், செல் வைத்தாயிற்று என்று. பார்க்கின்சனில் நம்பிக்கைக்கே டோபமைனைக் கொஞ்சம் கூட்டும் சக்தி உண்டு. 2001 சோதனையில் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு மண்டையில் துளை மட்டும் போட்டு, செல் வைக்காமல் மூடியது அதற்காகத்தான். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் வேறு வழியில் உண்மை தெரியாது. அமெரிக்கச் செல்லுக்கு அதே மாதிரி பொய் அறுவையோடு ஒப்பிடும் பெரிய சோதனை 2025இல் தொடங்கியிருக்கிறது. ஜப்பானில் சுமிட்டோமோ நிறுவனம் கியோட்டோ செல்லுக்கு அதே வருடம் ஆகஸ்டில் அனுமதி கேட்டு விண்ணப்பித்தது.

இப்போது உங்கள் உறவினர் சொன்ன ஊசிக்கு வருகிறேன். இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் கொடுப்பது கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த செல். அதற்கும் ஸ்டெம் செல் என்றுதான் பெயர், குழப்பமே அந்தப் பெயரில்தான். அது எலும்பாகும், குருத்தெலும்பாகும், கொழுப்பாகும். நடுமூளை டோபமைன் அணுவாக அது ஆவதில்லை. கை நரம்பில் ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலில் மாட்டிக்கொள்ளும், மூளையின் பாதுகாப்புச் சுவரைத் தாண்டிப் பியூட்டமெனுக்குப் போய்ச் சேராது. முதுகுத் தண்டில் போடுகிறேன் என்றால் இன்னும் பயம். இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு வேறொரு நரம்பு நோய்க்காக ரஷ்யாவில் கருவின் நரம்பு ஸ்டெம் செல்லை மூளையிலும் முதுகுத் தண்டுவட நீரிலும் செலுத்தினார்கள். பிறகு அவனுக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வளர்ந்தன. சோதித்ததில் அவை அவனுடைய செல் இல்லை, வெளியிலிருந்து செலுத்திய செல். 2009இல் மருத்துவ இதழில் வெளியான உண்மை இது.

அந்த இடத்துக்கு நீங்கள் ஏற்கெனவே தொலைபேசியில் பேசியிருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தச் செல், அதை எந்தச் செல்லாக மாற்றிய பிறகு போடுகிறீர்கள்? மூளையில் எந்த இடத்தில் வைக்கிறீர்கள்? செல்லை உடம்பு நிராகரிக்காமல் இருக்க என்ன மருந்து, எத்தனை மாதம்? கியோட்டோவில் அந்த மருந்தே ஓராண்டுக்கு மேல் கொடுத்தார்கள். "அதெல்லாம் தேவையில்லை, இயற்கையானது" என்று பதில் வந்தால் தொலைபேசியை வைத்துவிடலாம். அதோடு, சோதனைக்குக் காசு கேட்டாலே சந்தேகப்படுங்கள். முறையான ஆய்வில் சோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடம் விலை பேசமாட்டார்கள். சிங்கப்பூரில் இத்தகைய செல் சிகிச்சைப் பொருள்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் 2021 மார்ச்சிலிருந்து தனிச் சட்ட விதிகளின் கீழ் கண்காணிக்கிறது.

உண்மையான சிகிச்சை நாளை இங்கே வந்தாலும் அது எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்திருப்பது நல்லது. நடுக்கம், விறைப்பு, அசைவின் மந்தம், மாத்திரை இறங்கும் நேரத்துத் தவிப்பு இவற்றுக்குப் பலன் எதிர்பார்க்கலாம். மலச்சிக்கல், மோப்பம் போனது, தூக்கத்தில் கை கால் உதறுவது, மறதி, பின்னாளில் வரும் தடுமாற்றம் ஆகியவற்றில் பெரும்பகுதி டோபமைனுக்கு அப்பாற்பட்டவை. நாற்று அங்கே எட்டாது. நோய் அடியில் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். பழைய கருத்திசு அறுவையில் வைத்த செல்களிலேயே பல வருடம் கழித்துச் சிலவற்றில் நோயின் அடையாளம் தெரிந்ததை 2008இல் கண்டார்கள். சில செல்களில் மட்டும்தான், ஆனாலும் தெரிந்தது.

நம் ஊரில் வேலை நடக்காமல் இல்லை. 2016இல் இங்குள்ள மரபணுத்தொகுதி ஆய்வுக் கழகமும் ட்யூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் சேர்ந்து, ஸ்டெம் செல்லிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதான குட்டி நடுமூளை உருண்டைகளை வளர்த்தன. அதில் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. நான் மேலே சொன்ன அதே நியூரோமெலனின்.  மூளையைத் திறக்காமல் நோய் எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க அது ஒரு வாசல். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று நம் மக்களின் மரபணு வேறுபாடுகளை வைத்து நோயை ஆராய்வதற்கு இங்கிருந்து நல்ல வசதி இருக்கிறது.

அதுவரை அப்பாவுக்கு என்ன? மாத்திரை சீக்கிரம் இறங்குகிறது என்பதற்கு இப்போதே வழிகள் இருக்கின்றன. அளவையும் இடைவெளியையும் மாற்றுவது, கூடவே வேறு மருந்து சேர்ப்பது, பொருத்தமானவர்களுக்கு மூளையில் மின்முனை வைக்கும் அறுவை. அது தேசிய நரம்பியல் மருத்துவக் கழகத்திலேயே நடக்கிறது. பல வருட அனுபவம் சேர்ந்த சிகிச்சை. அப்பாவுக்குப் பொருந்துமா என்று அடுத்த சந்திப்பில் நேராகக் கேளுங்கள். புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலுக்கு முட்டிக்கொள்ளும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவுக்குக் காலையில் மாத்திரையோடு இட்லியும் கெட்டியாகச் சாம்பாரும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் சொல்லி மாத்திரையை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதும் காலை நேரம் எவ்வளவோ மாறியது.

கால் ஒட்டிக்கொள்வதற்கு எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நீல டேப்பைக் கோடு கோடாக ஒட்டினோம். தரையில் கோடு தெரிந்தால் அதைத் தாண்ட அம்மாவின் கால் எழும்பிவிடும். பிசியோ சொல்லிக்கொடுத்தது, டேப் இரண்டு வெள்ளி. சந்திப்புக்குப் போகும் முன் மூன்று நாள், மாத்திரை சாப்பிட்ட நேரம், வேலை செய்ய ஆரம்பித்த நேரம், இறங்கிய நேரம், சாப்பாட்டு நேரம் நாலையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்ததும் மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார். அம்மாவின் நோட்டுக்கு அப்படித்தான் நடந்தது.